பதினான்கு நாள் சிறையை எதிர்த்த மேரி கார்ப்பெண்டர்

மேரி கார்ப்பெண்டரை நம் நாட்டில் பெண் கல்விக்காக மட்டுமே நினைவுகூர்கிறார்கள். ஆனால் அவருடைய வாழ்நாள் வேலை வேறு. பசிக்குத் திருடிச் சிறைக்குப் போன ஏழைப் பிள்ளைகளை மீட்பதுதான் அது. அந்தக் கதையே நமக்கு வேண்டியது.

1807இல் இங்கிலாந்தின் எக்சிடரில் பிறந்தார். தந்தை மதபோதகர். குடும்பம் பிரிஸ்டல் நகருக்குக் குடிபெயர்ந்தது. அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம் அது. மேரி அடிமை முறையை எதிர்த்தவர்களின் பக்கம் நின்றார். 1833இல் ராஜாராம் மோகன்ராய் அந்த நகருக்கு வந்து, அங்கேயே காலமானார். அதே ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஜோசப் டக்கர்மன் என்ற போதகரும் வந்தார். இருவரும் ஒரு சந்து வழியே நடந்தபோது கந்தல் உடுத்திய சிறுவன் ஒருவன் குறுக்கே ஓடினான். அவன் பின்னாலேயே போய் அவன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாராம் டக்கர்மன். அந்தச் சொல் மேரியை விடவில்லை.

1846இல் லூயின்ஸ் மீட் என்ற குடிசைப் பகுதியில் பள்ளி திறந்தார். காலில் செருப்பில்லாத, வேறு பள்ளிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளே அங்கு வந்தார்கள். அவர்களில் சிலர் சிறைக்குப் போவதும், போனதைவிட மோசமாகத் திரும்புவதும் அவர் கண்முன் நடந்தது. 1851இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு கிங்ஸ்வுட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கினார். 1854இல், கவிஞர் பைரனின் மனைவி வாங்கித் தந்த ரெட் லாட்ஜ் மாளிகையில் சிறுமிகளுக்குத் தனிப் பள்ளி வந்தது.

அதே 1854இல் நாடாளுமன்றமும் இளங்குற்றவாளிகள் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு முள் இருந்தது. சீர்திருத்தப் பள்ளிக்குப் போகும் பிள்ளை முதலில் 14 நாளாவது சிறையில் இருந்தாக வேண்டும். செய்த குற்றத்துக்கு விலை கொடுக்காமல் பள்ளிக்கு அனுப்பினால் அது சலுகையாகிவிடும் என்று ஆள்வோர் நினைத்தார்கள். மேரி இதைக் கடைசிவரை எதிர்த்தார். முன்சிறை முற்றாக ஒழிந்தது 1899இல்தான். அவர் இறந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் காலனிப் பையன் ஒருவனை ஒரே ஒரு இரவு நிலையத்தில் உட்கார வைத்தாலும் ஊர் அவனுக்கு என்ன பெயர் வைக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த 14 நாளின் கனம் நமக்குப் புதிதல்ல.

அவருடைய இன்னொரு கோரிக்கை பகல் பள்ளி. பிள்ளைக்குச் சோறும் தொழிலும் தந்து, இரவில் தாயிடம் அனுப்பிவிட வேண்டும். செலவை உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியங்கள் ஏற்க வேண்டும். 1876இல் இது சட்டமானது. 1877 ஜூனில் அவர் மறைந்தார்.

1866 முதல் நான்கு முறை இந்தியா வந்தார். முதல் பயணத்திலேயே சென்னையையும் பார்த்தார். சிறைகளைச் சுற்றி வந்து, சிறுவர்களுக்குத் தனி இடம் கேட்டு அரசை நெருக்கினார். இங்கும் 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871இல், அதே அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் போட்டிருந்தது. பின்னர் 1897 திருத்தம், அந்தச் சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்கவும் அனுமதித்தது. மேரி பிள்ளைகளைக் காக்கக் கேட்ட ஏற்பாடு, ஒரு குற்றமும் செய்யாத பிள்ளைகளை அடைக்கும் ஏற்பாடானது. தன் நூலின் தலைப்பிலேயே ஏழைகளில் ஒரு சாராரை ஆபத்தான வகுப்பு என்று குறித்தவர் அவர். அந்தச் சொல்லோடு நமக்கு உடன்பாடு இல்லை.

இன்றைய இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் வந்தது. அதன்படி சிறுவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 2016 மாதிரி விதிகள் இன்னும் மேலே போகின்றன. கொடுங்குற்றமோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமோ இல்லையென்றால் முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, சிறுவரின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். கைவிலங்கு கூடாது. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும் இருக்க வேண்டும். நாம் பேசிய காலனித் தாய்மார் பலருக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியவில்லை. அது கடைசியாக எப்போது கூடியது, கூட்டத்துக்கு நம் தெருவிலிருந்து யாரை அழைத்தார்கள் என்று அடுத்த கிராம சபையில் கேட்போம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம்.