மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன்: தாயகம் திரும்பிய நாட்கள்

மேற்படிப்புக்கென அயல்நாடு அனுப்பிய மகன் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கையில் தகப்பனாருக்கு உறக்கம் வருவதில்லை. ஜுமுஆ முடிந்து நம்மோடு நடந்து வரும் பெரியவர்கள் சிலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிள்ளை ஊர் திரும்புவானா, அங்கேயே வேலை தேடிக்கொள்வானா என்பதே அவர்களுடைய கவலை. அப்பிள்ளைகளுக்குத் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆயினும், இந்தியாவின் மூன்றாவது குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களின் மாணவப் பருவத்துக் கடைசி மாதங்களை இவ்வாண்டு மலரில் எழுதத் தோன்றியது அப்பேச்சுகளால்தான்.

அவர் 1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். இட்டாவா இஸ்லாமியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1911-இல், பிளேக் நோய் தாயாரையும் கொண்டு சென்றது. 1915-இல் ஷாஜஹான் பேகத்தை நிக்காஹ் செய்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

1920-இல் அவர் அலிகர் கல்லூரியில் இருந்தார். கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்களின் அழைப்பை ஏற்று, ஆங்கில அரசின் மானியத்தில் நடந்த அக்கல்லூரியை விட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் வெளியேறினர். அவர்களுள் இவரும் ஒருவர். அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று, மால்டா சிறையிலிருந்து மீண்டு வந்திருந்த ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூதுல் ஹஸன் அவர்களின் முன்னிலையில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா தொடங்கப்பெற்றது. மவ்லானா அப்போது கடும் நோயுற்றிருந்தார். அடுத்த மாதமே வஃபாத்தானார். கூடாரங்களில் நடந்த அக்கல்விக்கூடத்தில் ஜாகிர் ஹுசைன் பாடம் நடத்தினார். 1922-இல் பொருளாதார ஆய்வுக்காக ஜெர்மனி சென்றார்.

பெர்லினில் அவர் கண்ட முதற்காட்சி ஒரு பெரிய நாட்டின் பணம் காகிதமாவது. 1923 நவம்பரில் ஒரு ரொட்டியின் விலை பல்லாயிரம் கோடி மார்க்குகளைத் தொட்டது. பொருளாதார மாணவருக்கு இதைவிடப் பெரிய பாடம் ஏது? பேராசிரியர் வெர்னர் சொம்பார்ட்டிடம் பயின்று, பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண் அமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதினார். நூலகத்திலேயே அவர் அடைந்து கிடக்கவில்லை. இசையரங்குகளுக்குச் சென்றார், காந்தியடிகளைப் பற்றி ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் சேர்ந்து நூல் எழுதினார். ஈரானியர் நடத்திய காவியானி அச்சகத்தில் மிர்ஸா காலிபின் திவானைப் பதிப்பித்தபோது, அச்செழுத்துகளைக் கோக்க ஆள் போதாமல் தம் கையாலேயே கோத்தார். 1925-இல் வெளிவந்த அச்சிறு பதிப்பை உருது அன்பர்கள் இன்றும் போற்றுகின்றனர்.

இதற்கிடையில் ஊரில் நிலைமை மாறிவிட்டது. 1924 மார்ச்சில் துருக்கி அரசே கிலாபத்தை ஒழித்தது. எந்த இயக்கத்தின் நிதியைக் கொண்டு ஜாமிஆ நடந்ததோ, அவ்வியக்கத்துக்கே பொருளில்லாமற் போயிற்று. மூடிவிடலாம் என்று பொறுப்பாளர்களிலேயே பலர் கருதினர். ஹகீம் அஜ்மல் கான் அவர்கள் விடாப்பிடியாக நின்று, தம் கைப்பொருளையும் செலவிட்டு, 1925-இல் அதனை டில்லி கரோல் பாகுக்கு மாற்றினார்.

செய்தி பெர்லினை எட்டியது. அங்கே மூன்று நண்பர்கள் கூடிப் பேசினர். ஒருவர் ஜாகிர் ஹுசைன். மற்றொருவர் தத்துவம் பயின்ற ஆபித் ஹுசைன். மூன்றாமவர் ஆக்ஸ்போர்டில் வரலாறு படித்துவிட்டு அச்சுத்தொழில் கற்க வந்திருந்த முஹம்மது முஜீப். ஜாகிர் ஹுசைன் ஜாமிஆவுக்கு முன்னரே கடமைப்பட்டவர். மற்ற இருவருக்கும் அப்படியொரு கட்டு இல்லை. அங்கே வறுமைதான் காத்திருக்கிறது என்று எடுத்துரைத்து முஜீபைத் தடுக்கவே அவர் முயன்றார். முஜீப் பின்வாங்கவில்லை. தாங்கள் வாழ்நாளை அர்ப்பணிக்க ஆயத்தமென்றும், வந்து சேரும்வரை ஜாமிஆவை மூடிவிட வேண்டாமென்றும் டில்லிக்குச் செய்தி போயிற்று.

நாம் இவ்விடத்தில் சற்று நின்று நினைத்துப் பார்க்கிறோம். ஐரோப்பிய டாக்டர் பட்டம் பெற்ற இந்தியர் அன்று எத்தனை பேர்? பிறந்த ஊரான ஹைதராபாத்தில், நிஜாம் அரசின் உஸ்மானியா பல்கலைக்கழகம் ஊதியத்துக்குக் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. நான்காண்டுகளாகக் காத்திருந்த மனைவிக்கு அதைக் கொடுத்திருந்தால் எவர் குறை கூறியிருப்பர்? சத்தியமாக நாம் கூறியிருக்க மாட்டோம்.

1926 பிப்ரவரியில் மூவரும் தாயகம் திரும்பினர். இருபத்தொன்பது வயதில் ஜாகிர் ஹுசைன் ஜாமிஆவின் துணைவேந்தரானார். பதவியின் பெயர் பெரிது; இருந்ததோ வாடகைக் கட்டடங்களும் கடனும். 1927 இறுதியில் ஹகீம் சாகிபும் மறைந்தார். மறு ஆண்டு, மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் இருபது ஆண்டுகள் உழைப்பதாக ஆசிரியர்கள் பதினொருவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். அந்த 150-ம் பல மாதங்களில் முழுதாய்க் கைக்கு வரவில்லை. பெர்லினில் அறிமுகமான கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணியும் பின்னர் அங்கே வந்து சேர்ந்து, சிறுவர்களுக்கு ஆபாஜானாக வாழ்ந்து, 1943-இல் மறைந்தார். ஜாமிஆவின் கபரஸ்தானிலேயே அவர் அடக்கமாகியிருக்கிறார்.

நம் கோவைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இழை உண்டு. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க இவர் தலைமையில்தான் குழு அமைத்தது. பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தை நிறுவிய அவிநாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வியமைச்சராக இருந்தபோது, அக்கல்வியை இங்கே பரப்ப முனைந்தார். நூற்பும் நெசவும் அதில் பாடங்களாக இருந்தன. தறிச்சத்தத்தில் வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

1948 வரை அவர் ஜாமிஆவை விட்டு அகலவில்லை. பின்னர் அலிகர் பல்கலைக்கழகம், பீகார் ஆளுநர் மாளிகை, 1962-இல் குடியரசுத் துணைத்தலைவர், 1967 மே 13-இல் குடியரசுத் தலைவர். 1969 மே 3 அன்று பதவியிலிருக்கும்போதே வஃபாத்தானார். ஜனாஸா ஜாமிஆவுக்கே கொண்டு செல்லப்பட்டு, அவ்வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.