ஒரே ஆள்... நான்கு நாடு!

ஹாக்கி என்றதும் நமக்கு தயான்சந்த்தான் ஞாபகத்துக்கு வருவார். ஆனால் கனடாக்காரனிடம் ஹாக்கி என்று சொல்லிப் பாருங்கள், அவன் நினைப்பது ஐஸ் ஹாக்கியை! காலில் ஸ்கேட், பந்துக்குப் பதில் ‘பக்’ என்கிற கெட்டி ரப்பர் வட்டு, பக்கத்துக்கு ஆறு பேர். அந்த ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்ற அணியிலும் ஆடி, விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தையும் தட்டிய ஒரே மனிதர் யரோஸ்லாவ் ட்ராப்னி.

1921 அக்டோபர் 12-ல் செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் பிறந்தார். சின்னப் பையனாக டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டவர். இடதுகைக்காரர். கோடையில் டென்னிஸ், பனிக்காலத்தில் ஐஸ் ஹாக்கி. 1938-ல், 16 வயதில், விம்பிள்டனில் செக்கோஸ்லோவாகியா வீரராக இறங்கினார். அடுத்த வருஷம் ஹிட்லர் நாட்டைப் பிடித்துவிட்டான். அதே பையன், அதே மட்டை... பெயருக்கு எதிரே மட்டும் ‘பொஹிமியா-மொராவியா’! ஆள் ஊரை விட்டு நகரவே இல்லை, நாடு மாறிப்போச்சு.

போர் முடிந்தது. 1947-ல் பிராக்கில் நடந்த ஐஸ் ஹாக்கி உலகப் போட்டியில் செக்கோஸ்லோவாகியா சாம்பியன். 1948 ஒலிம்பிக்ஸ், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில். கனடாவும் செக்கோஸ்லோவாகியாவும் ஆளுக்கு 7 வெற்றி. இரண்டும் மோதியபோது 0-0. கோல் கணக்குப் பார்த்தார்கள். செக் அணி போட்டது 80, வாங்கியது 18. கனடா போட்டது 69, வாங்கியது வெறும் 5. தங்கம் கனடாவுக்கு, வெள்ளி இவர்களுக்கு. அதிகம் கோல் போட்டவனுக்கு வெள்ளி, என்ன கணக்கோ!

அதே பிப்ரவரிக் கடைசியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். வீரர்கள் எங்கே ஆடலாம், யாரோடு ஆடலாம் என்பதெல்லாம் மேலிட உத்தரவு ஆனது. 1949 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் க்ஸ்டாட் நகரில் ஒரு டென்னிஸ் போட்டி. ஜெர்மன், ஸ்பெயின் வீரர்களும் ஆடுகிறார்கள், உடனே விலகித் திரும்பி வா என்று உத்தரவு வந்தது. ட்ராப்னியும் நண்பர் விளாதிமிர் செர்னிக்கும் திரும்பவில்லை. கையில் இரண்டு சட்டை, ஒரு பல்துலக்கி, 50 டாலர். அவ்வளவுதான்.

அவசரப்பட்டுவிட்டாரோ என்று கேட்கத் தோன்றும். 1950 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். லண்டன் உலகப் போட்டிக்குப் புறப்பட இருந்த ஐஸ் ஹாக்கி அணியையே பிடித்து உள்ளே போட்டது அரசு. ஓடிப்போகத் திட்டமிட்டார்கள், தேசத்துரோகம் என்று வழக்கு. ட்ராப்னியோடு ஆடிய கோல்கீப்பர் போஹுமில் மோட்ரிக்கு 15 வருஷம் தண்டனை!

நாமெல்லாம் இருப்பிடச் சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸில் நாலு நாள் நின்றாலே சலித்துக்கொள்கிறோம். இந்த மனுஷனுக்குச் சொல்லிக்கொள்ள நாடே இல்லை. சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று முயன்றார், கிடைக்கவில்லை. கடைசியில் குடியுரிமை கொடுத்தது எகிப்து. பனியே இல்லாத நாடு! உலக ஐஸ் ஹாக்கிக்கு அத்தோடு முற்றுப்புள்ளி. இன்றைக்கு அந்த ஆட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: ஒரு நாட்டுக்கு ஆடியவர் இன்னொரு நாட்டின் குடியுரிமை பெற்று, அங்கே நான்கு வருஷம் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடினால் அணி மாறலாம், அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான். ட்ராப்னிக்கு அதுவும் உதவியிருக்காது. எகிப்தில் எந்தப் பனித்தரையில் நான்கு வருஷம் ஆடுவது?

மிச்சம் டென்னிஸ். அதில் தனி ஆளாக ஆடலாமே! 1951, 1952 பிரெஞ்சுப் பட்டங்கள் கிடைத்தன. விம்பிள்டன் மட்டும் வழுக்கிக்கொண்டே போனது. 1949, 1952 இரண்டு ஃபைனலிலும் தோல்வி. ஐஸ் ஹாக்கியில் கண்ணில் பட்ட காயத்தால் கலர்க் கண்ணாடி வேறு. 1954-ல் 32 வயசு, 11-வது தரவரிசை. யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிரே 19 வயது ஆஸ்திரேலியப் பையன் கென் ரோஸ்வால். 13-11, 4-6, 6-2, 9-7. மொத்தம் 58 கேம்! நாடில்லாதவனுக்காக லண்டன் கூட்டம் எழுந்து கைதட்டியது.

1959-ல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். 1960-ல் விம்பிள்டனில் இறங்கியபோது பெயருக்கு எதிரே நான்காவது நாடு. 1983-ல் டென்னிஸ் புகழ்க்கூடம், 1997-ல் ஐஸ் ஹாக்கி புகழ்க்கூடம் இரண்டும் அவரைச் சேர்த்துக்கொண்டன. 2001 செப்டம்பர் 13-ல் லண்டனில் காலமானார். விம்பிள்டன் சாம்பியன் பட்டியலில் 1954-க்கு நேரே இன்றும் எகிப்து என்றுதான் இருக்கிறது.