ஆம்ப்ளிஃபயரின் உயிர்நாடியைக் கண்டுபிடித்தவருக்கே அது புரியவில்லை! யார் இந்த லீ டி ஃபாரஸ்ட்?

யூடியூப் பார்த்து வீட்டிலேயே சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் செய்து பார்த்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்கும். சத்தத்தைப் பெருக்குவது டிரான்சிஸ்டர், சரி. அப்போ கூடவே இருக்கிற ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் எதுக்கு? ஆம்ப்ளிஃபயருக்கு அடித்தளம் போட்ட லீ டி ஃபாரஸ்ட்டே இந்த இடத்தில்தான் கோட்டை விட்டார்.

அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் 1873-ல் பிறந்தவர். அப்பா பாதிரியார். மகனும் தன் வழியில் வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். மகனோ 1899-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரேடியோ அலைகள் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார்.

பிரிட்டனின் ஃபிளெமிங் 1904-லேயே ஒரு வால்வு செய்திருந்தார். கண்ணாடிக் குமிழுக்குள் சூடான இழை ஒன்று, உலோகத் தகடு ஒன்று. மின்னோட்டம் ஒரே திசையில் மட்டும் பாயும். 1906-ல் டி ஃபாரஸ்ட் அந்த இரண்டுக்கும் நடுவே வளைந்து நெளிந்த ஒரு கம்பியைச் செருகினார். அதன் பெயர் கிரிட். மொத்தக் கருவிக்கு ஆடியான் என்று பெயர் வைத்தார்.

அந்தக் கம்பி என்ன செய்கிறது? தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திருக இரண்டு விரல் போதும். ஆனால் கொட்டுகிற தண்ணீர் மேலே இருக்கும் டேங்கிலிருந்து வருகிறது. கிரிட்தான் அந்தத் திருகு. மைக்கிலிருந்து வரும் பலவீனமான சிக்னல் அதைத் திருகுகிறது, பேட்டரியின் பெரிய மின்னோட்டம் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. இன்றைய டிரான்சிஸ்டரில் பேஸ் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

ஆனால், டி ஃபாரஸ்ட் வேறு மாதிரி நினைத்தார். குமிழில் மிச்சமிருக்கும் வாயுதான் கருவியை இயக்குகிறது என்று நம்பினார். கிரிட்டுக்கு முன்னால் ஒரு கெபாசிட்டரையும் வைத்தார். கெபாசிட்டர் ஏறி இறங்கும் சிக்னலை விடும், நேர் மின்னோட்டத்தைத் தடுக்கும். அதனால் கிரிட்டில் வந்து சேரும் எலெக்ட்ரான்கள் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, கடைசியில் வால்வையே அடைத்துவிடும். அவை வடிய ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அதை அவர் வைக்கவில்லை. குமிழில் இருந்த வாயு வழியாக அந்த மின்சாரம் கொஞ்சம் கசிந்ததால்தான் கருவி ஒருவழியாக ஓடியது!

1912-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்தபோதுதான் ஆடியானை ஆம்ப்ளிஃபயராக மாற்றிக் காட்டினார். தூரம் கூடக் கூடக் குரல் தேய்ந்துபோவதால் திணறிக்கொண்டிருந்த தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யிடம் அதைக் கொண்டுபோனார். வோல்டேஜை ஏற்றினால் குமிழ் நீல நிறத்தில் ஒளிர்ந்து சொதப்பியது. அங்கிருந்த ஹரால்டு அர்னால்டுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வாயுதான் வில்லன், அதை முழுசா உறிஞ்சி எடுக்க வேண்டும். 1913-ல் நிறுவனம் 50,000 டாலருக்கு தொலைபேசி உரிமையை வாங்கியது. 1915-ல் நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பேச முடிந்தது.

அதே 1913-ன் கடைசியில் டி ஃபாரஸ்ட் நின்றது குற்றவாளிக் கூண்டில். பங்கு விற்பனையில் மோசடி என்று வழக்கு. ஆடியான் ஒன்றுக்கும் உதவாத பொருள் என்பது அரசுத் தரப்பு வாதம். கூட்டாளிகள் இருவர் தண்டனை பெற, அவர் தப்பினார்.

ஆடியானை அளந்து பார்த்து முறையாகப் புரிந்துகொண்டவர், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பினால் சத்தம் பல மடங்காகும் என்று 1912-ல் கண்டார். அது தன்னுடையது என்று டி ஃபாரஸ்ட் உரிமை கோர, பல ஆண்டு சட்ட இழுபறிக்குப் பிறகு 1934-ல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கமே தீர்ப்பளித்தது. பொறியாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்காக ரேடியோ பொறியாளர் சங்கம் தந்திருந்த பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது.

டி ஃபாரஸ்ட் 1961-ல் ஹாலிவுட்டில் இறந்தார், வயது 87. அதற்குள் ரேடியோக்களில் வால்வுகளைக் கழற்றிவிட்டு டிரான்சிஸ்டர்கள் உட்கார ஆரம்பித்திருந்தன.