புடம் போட்ட ஆண்டுகள்: எஞ்சினீயர் அலெக்ஸாண்டர் மெக்கே



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். எஞ்சினீயர்கள் மலர் ஆயிற்றே, ஒரு எஞ்சினீயரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி வேறு யாராவது எழுதியிருப்பார்கள். அதனால் நான் எடுத்துக்கொண்டவர் அலெக்ஸாண்டர் மெக்கே. உகாண்டா நாட்டின் சரித்திரத்தை யார் எழுதினாலும் இவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. நம்மைப் போல பட்டறையில் கை அழுக்கானவர். கிறிஸ்தவ ஊழியத்துக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு, போக வழியில்லாமல் வருஷக்கணக்கில் காத்திருந்தவர். மதம் எதுவானாலும் சரி, காத்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இவர் கதை பயன்படும்.

அப்பாவின் ஆசை ஒன்று, பிள்ளையின் ஆசை ஒன்று

1849-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி ஸ்காட்லாந்தில் ரைனி என்ற கிராமத்தில் பிறந்தார் மெக்கே. அப்பா ஒரு பாதிரியார், நல்ல படிப்பாளி. சின்ன வயதில் மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். மகனும் தன்னைப் போலவே பாதிரியாராக வரவேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைக்கோ இயந்திரங்கள் மேல்தான் கண். டாக்டராகணும் என்று அப்பாவும், மெக்கானிக்கல்தான் வேணும் என்று பிள்ளையும் மல்லுக்கட்டுவது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற விஷயமில்லை போலிருக்கிறது!

எடின்பரோவில் ஆசிரியர் பயிற்சி முடித்து, பிறகு அங்கேயே பல்கலைக்கழகத்தில் எஞ்சினீயரிங் படித்தார். படிப்போடு நிற்காமல் லீத் துறைமுகப் பகுதியில் ஒரு பட்டறையில் கைவேலையும் கற்றுக்கொண்டார். 1873 நவம்பரில் ஜெர்மனிக்குப் போனார். பெர்லினில் ஒரு எஞ்சினீயரிங் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. பிறகு ரயில் எஞ்சின் பிரிவுக்கே தலைவரானார். ஓய்வு நேரத்தில் ஒரு ஜெர்மன் கால்குலஸ் புத்தகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இவர் வடிவமைத்த ஒரு விவசாய இயந்திரத்துக்கு ப்ரெஸ்லாவ் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. வயது இருபத்தைந்தைச் சுற்றித்தான்!

கதவு திறக்கவில்லை

பெர்லினுக்கு வந்த புதிதிலேயே, 1873-ன் கடைசியில், அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வெளிநாட்டு ஊழியத்துக்கு டாக்டர்கள் போகிறார்கள். எஞ்சினீயர் ஏன் போகக்கூடாது? ரோடு போடவும், கிணறு தோண்டவும், அச்சு கோக்கவும் தெரிந்தவன், கடவுளைப் பற்றியும் சொல்லிக்கொண்டே அந்த வேலைகளைக் கற்றுக்கொடுக்கலாமே என்பது அவர் எண்ணம். அந்தக் காலத்தில் இது புது யோசனை. புது யோசனைக்கு உடனே ஆர்டர் கிடைக்காது என்பது மார்க்கெட்டிங்கில் இருக்கிற நண்பர்களுக்குத் தெரியும்.

முதலில் மடகாஸ்கர் தீவுக்குப் போக விண்ணப்பித்தார். அந்த நாடு இன்னும் எஞ்சினீயர் வருகிற அளவுக்குத் தயாராகவில்லை என்று லண்டன் மிஷன் சங்கம் பதில் அனுப்பியது. பிறகு 1875-ல் மொம்பாசா பக்கம், விடுவிக்கப்பட்ட அடிமைகள் குடியேறிய இடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து எழுதினார். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

கையில் நல்ல வேலை, கண்ணியமான சம்பளம். மனசு மட்டும் வேறெங்கோ. இந்த நிலைமையில் இருப்பவன் ரெண்டில் ஒன்று செய்வான். ஆசையை மறந்துவிட்டு வேலையில் செட்டில் ஆவான், அல்லது வேலையை ஏனோதானோ என்று செய்துகொண்டு புலம்புவான். மெக்கே இரண்டையும் செய்யவில்லை. மேலே சொன்ன பதவி உயர்வும், பரிசும், மொழிபெயர்ப்பும் எல்லாம் இந்தக் காத்திருப்புக் காலத்தில் நடந்தவைதான்.

1875 நவம்பர் 15-ந் தேதி லண்டன் டெய்லி டெலிகிராஃப் பத்திரிகையில் ஸ்டான்லியின் கடிதம் வெளியானது. விக்டோரியா ஏரிக்கரையில் ஆளும் முட்டேசா மன்னர் ஆசிரியர்களை வரவேற்கிறார், கைத்தொழில் தெரிந்தவர்களாக அனுப்புங்கள் என்பது அதன் சாரம். சில நாட்களுக்குள் பெயர் வெளியிடாத ஒருவர் சி.எம்.எஸ். சங்கத்துக்கு 5,000 பவுண்டு தருவதாக எழுதினார். உகாண்டாவுக்குக் குழு தயாரானது. விண்ணப்பித்த மெக்கே 1876 ஜனவரியில் தேர்வானார். மடகாஸ்கரோ மொம்பாசாவோ முன்பே கிடைத்திருந்தால் இந்தப் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்காது.

கப்பலேறியும் போய்ச் சேரவில்லை

1876 ஏப்ரல் 27-ந் தேதி கப்பலேறினார். குழுவில் எட்டுப் பேர், அதில் இவர்தான் இளையவர். வழியனுப்பு கூட்டத்தில் கடைசியாகப் பேச எழுந்து, எங்களில் ஒருவராவது ஆறு மாதத்துக்குள் இறந்த செய்தி உங்களுக்கு வரலாம், அதற்காக மனம் தளராமல் அந்த இடத்துக்கு உடனே இன்னொருவரை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். ஆகஸ்டு மாதமே ஸான்ஸிபாரில் ஒருவர் இறந்தார்.

கடற்கரையிலிருந்து ஏரிக்கு நடைபயணம். பாதி வழியில் மெக்கேக்குக் கடும் காய்ச்சல். 1876 நவம்பரில், குழுவின் தலைவர் அவரைக் கடற்கரைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று வருஷம் காத்திருந்து, கடைசியில் பஸ் ஏறியவனைப் பாதியில் இறக்கிவிட்ட கதை!

கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாரா? 1877-ல் ஸதானியிலிருந்து ம்ப்வாப்வா வரைக்கும் சுமார் 230 மைல், அதாவது 370 கிலோமீட்டர், காட்டை வெட்டி ரோடு போட்டார். கோடாலி, ரம்பம், மண்வெட்டி, கூலியாட்கள், அவ்வளவுதான் உபகரணம். ஒற்றையடிப் பாதையை வண்டிப்பாதை ஆக்கினார். பிறகு காளை வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது சேறும் செட்சி ஈயும் சேர்ந்து காளைகளைக் கொன்றன. அதையும் தாங்கிக்கொண்டு ஏரியை நோக்கி நடந்தார்.

இதற்குள் முன்னே போனவர்களில் டாக்டர் ஸ்மித் 1877-ல் ஏரிக்கரையில் காய்ச்சலில் இறந்திருந்தார். அந்த டிசம்பரில் குழுத் தலைவர் லெஃப்டினென்ட் ஸ்மித்தும் ஓநீலும் உக்கெரேவே தீவில் கொல்லப்பட்டார்கள். 1878-ல் ஏரிக்கு வந்த மெக்கே ஆயுதமில்லாமல் அந்தத் தீவுக்கே போய் அந்த ராஜாவைப் பார்த்துச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். டெய்ஸி என்ற அவர்கள் படகு புயலில் கரைமோதி உடைந்தபோது, நடுப்பகுதியை வெட்டியெடுத்து, அந்த மரத்தாலேயே முன்னும் பின்னும் ஒட்டுப்போட்டு, குட்டையான படகாக்கி மிதக்கவிட்டார். கிழிந்த இரண்டு செருப்பை வைத்து ஒரு செருப்பு தைப்பது மாதிரியான வேலை! 1878 நவம்பர் 6-ந் தேதி உகாண்டா மண்ணில் கால் வைத்தார். முடிவெடுத்ததிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருஷம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். காத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லிவிட முடியாது. அவரோடு கிளம்பியவர்களும் அதே விசுவாசத்தோடுதான் கிளம்பினார்கள். நாலு பேர் ஏரியின் அக்கரையைப் பார்க்காமலோ வேலையைத் தொடங்காமலோ போய்விட்டார்கள். அவர்களுடைய காத்திருப்பு வீண் என்று யார் சொல்வது?

வேலை செய்கிற வெள்ளைக்காரர்

உகாண்டாவில் அவருக்கு மக்கள் வைத்த பெயர் முஸுங்கு வா காசி. வேலை செய்கிற வெள்ளைக்காரர் என்று அர்த்தம். உலை, லேத், சாணைக்கல் என்று அவர் பட்டறையைச் சுற்றி எப்போதும் கூட்டம். மரத்தில் எழுத்துச் செதுக்கி அச்சடித்துக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் வந்தவர்களுக்குப் படிப்பவர்கள் என்றே பெயராகிவிட்டது. 1882-ல் ராஜமாதா இறந்தபோது, அரண்மனை உத்தரவுப்படி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பிரம்மாண்டமான சவப்பெட்டிகள் செய்ய வேண்டியிருந்தது. ஊழியம் செய்ய வந்த மனிதர் பல நாள் செம்புத் தகடு தட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றது 1882 மார்ச் 18-ந் தேதி. வந்து சேர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவரிடம் குறை இல்லையா? இருந்தது. நாக்கு கூர்மை. 1879-ல் வந்த பிரெஞ்சு கத்தோலிக்கப் பாதிரிமார்களோடு மன்னர் சபையிலேயே வாக்குவாதம் செய்தார். யார் சொல்வது சரி என்று தெரியாமல் முட்டேசா குழம்பினார், சில சமயம் அதை வேடிக்கையாகவும் எடுத்துக்கொண்டார். தங்கத்தைப் புடம் போட்டால் அழுக்கு மேலே வந்து நிற்குமே, அது மாதிரி.

1884-ல் முட்டேசா இறந்து, மகன் ம்வாங்கா பட்டத்துக்கு வந்தார். அப்புறம்தான் உலையின் சூடு தெரிந்தது. 1885 ஜனவரி 31-ந் தேதி மிஷனைச் சேர்ந்த மூன்று பையன்களைக் கொன்றார்கள். மெக்கே எவ்வளவோ மன்றாடியும் காப்பாற்ற முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பிஷப் ஹானிங்டன் வரும் வழியில் கொல்லப்பட்டார். 1886 ஜூன் 3-ந் தேதி நமுகோங்கோவில் கத்தோலிக்கர், ஆங்கிலிகன் இரு தரப்பு இளைஞர்களும் ஒன்றாக எரிக்கப்பட்டார்கள். இன்றும் அந்தத் தேதி உகாண்டாவில் பொது விடுமுறை. பெரியவர்கள் சபையில் சண்டை போட்ட இரண்டு பிரிவுகளின் பிள்ளைகள் ஒரே தீயில் சேர்ந்து நின்றார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கூட இருந்தவரும் ஊர் திரும்ப, சுமார் ஒரு வருஷம் அந்த மிஷனில் தனியாளாக இருந்தார் மெக்கே. பகலில் அரசனுக்கு வேலை, இரவில் ரகசியமாக வருகிறவர்களுக்குப் பாடம், நடுவில் மத்தேயு நற்செய்தியை லுகாண்டா மொழியில் அச்சிடும் வேலை. 1887 ஜூலையில் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். ஏரியின் தென்கரையில் உஸம்பிரோ என்ற இடத்தில் மறுபடியும் காத்திருப்பு! அங்கேயும் செங்கல் அறுத்தார், படகு கட்ட ஆரம்பித்தார், மொழிபெயர்த்தார். 1889-ல் பதவியிழந்து தவித்த ம்வாங்கா, பழையதை மறந்து உதவுங்கள் என்று இவருக்கே கடிதம் எழுதினார்.

ஊருக்கு வந்து ஓய்வெடுக்கும்படி அழைத்தார்கள். மாற்று ஆள் வரட்டும் என்று சொல்லிவிட்டார். 1890 பிப்ரவரி 8-ந் தேதி மலேரியாவில் இறந்தார். வயது நாற்பது. கிட்டத்தட்ட பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. கட்டிக்கொண்டிருந்த படகு முடியவில்லை. அவர் வற்புறுத்திய ரயில்பாதை 1896-ல் தொடங்கி 1901-ல்தான் ஏரியைத் தொட்டது. அதற்குள் 1894-ல் உகாண்டா பிரிட்டிஷ் ஆட்சிக்குள் போய்விட்டது. அவர் திறந்த பாதையில் நல்லதும் போயிற்று, மற்றதும் போயிற்று. 1927-ல் அவர் எலும்புகளை எடுத்துவந்து நமிரெம்பேயில் அடக்கம் செய்தார்கள்.

நமக்கு என்ன?

டிகிரி வாங்கிய பிறகு பதினான்கு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவன் நான். கல்யாண வீட்டுக்குப் போகவே கூச்சமாயிருக்கும். என்னப்பா பண்ணிட்டிருக்கே என்ற கேள்விக்குப் பயம். அப்போது மெக்கேயைப் பற்றி எனக்குத் தெரியாது. இப்போது ஃபவுண்டரியில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். வார்ப்பு ஊற்றியதும் அவசரப்பட்டு அச்சை உடைத்தால் காஸ்டிங் விரிசல் விடும். ஆறுகிற நேரம் சும்மா போகிற நேரமில்லை. இரும்பின் குணம் அந்த நேரத்தில்தான் அமைகிறது.

மெக்கே செய்தது இவ்வளவுதான். கதவு மூடியிருந்த நாளில், கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வேலையை ஒழுங்காகச் செய்தார். பெர்லினில் கைதேர்ந்தது உடைந்த டெய்ஸியில் உதவியது. நோயில் திரும்பி வந்ததால் 230 மைல் ரோடு கிடைத்தது.

மாணவ நண்பர்களே, கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வராதவர்கள் பத்து நாள் வருத்தப்படுங்கள், பரவாயில்லை. பதினோராவது நாள் ஒரு வெல்டிங்கோ, ஒரு மொழியோ, எதையாவது கற்க ஆரம்பியுங்கள்.

என்னோடு படித்த நண்பர்களே, நம்மில் பலர் இன்று சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறோம், சிலர் மேனேஜர்களாக இருக்கிறோம். வேலைக்காகக் காத்திருக்கிற ஒரு ஜூனியர் வந்து கேட்டால், வேகன்ஸி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மூன்று மாதம் நம் மெஷின்களைத் தொடவிடுவோம், கையில் கொஞ்சம் செலவுக்கும் கொடுப்போம். காத்திருக்கிறவனுக்குப் புத்திமதியைவிட ஒரு பட்டறை முக்கியம்.

வளர்க நம் கல்லூரி! தொடர்க நம் நட்பு!