விபுலானந்த அடிகளாரும் யாழ்ப் புதிரும்

பத்திரிகை வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பிக் குறுக்கெழுத்துப் புதிரில் ஆழ்ந்துவிடும் மாணவரை ஆசிரியர் அறை பலகாலும் கண்டிருக்கிறது. 1913ஆம் ஆண்டு திசெம்பரில் நியூயோர்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஆதர் வின் என்பவர் முதன்முதல் வெளியிட்ட இவ்விளையாட்டு, பின்னர் இங்கிலாந்திலே வேறொரு வடிவம் பெற்றது. அங்கே குறிப்பு ஒன்றைச் சொல்லும். விடை வேறொன்றாய் இருக்கும். அவற்றுள்ளும் கடியது, விடைகள் யாவும் மறைவான ஒரே பொருளைச் சார்ந்து நிற்கும் புதிர். அப்பொருள் இன்னதென்று புலனாகும்வரை ஒரு கட்டமும் உறுதியாவதில்லை. புலனானபின் ஒவ்வொரு விடையும் மற்றொன்றுக்குச் சான்றாகி நிற்கும்.

இத்தகைய புதிர் ஒன்றை நம் முன்னோர் அறியாமலே நமக்கு விட்டுச் சென்றனர். அதனை விடுவிக்க ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைத்த ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரிலே சுருக்கமாகக் கூற விழைகின்றேன். அவர் இந்துக் கல்லூரிகளுக்குப் புதியவர் அல்லர்; மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராக வீற்றிருந்தவர்.

மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவிலே, 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்ப் பிறந்தவர் மயில்வாகனனார். அதே 1892ஆம் ஆண்டிலேதான் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்கு நல்லாருரையோடும் அச்சேற்றி உலகுக்கு அளித்தார். புதிரும் அதனை விடுவிக்க வந்தவரும் ஒரே ஆண்டிலே வெளிப்பட்டமை எண்ணி இன்புறத்தக்கது.

மயில்வாகனனார் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலே பயின்று, கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, விஞ்ஞானத் துறையிலும் தேர்ந்தார். 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் அவரை வந்தடைந்தது. இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். தமிழ் கற்றோர் கணிதத்துக்கு அஞ்சுவதும், கணிதம் கற்றோர் தமிழை எளிதாய் நினைப்பதும் நம் நாட்டிலே பெருவழக்கு. இரண்டையும் ஒருங்கே கைக்கொண்ட இவருடைய கல்வி, பின்னர் எடுத்துக்கொண்ட பணிக்கென்றே அமைந்தது போலும்.

யாழ்ப்பாணத்தில் அவர் முதலில் சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் போதித்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையை ஏற்றார். நல்ல ஊதியமும் நாட்டார் மதிப்பும் கைவந்த காலம் அது. அவற்றை அவர் உதறிவிட்டு, 1922ஆம் ஆண்டிலே மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் திருநாமம் பெற்றார். ஈழத்துக்கு மீண்டபின் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளைக் கண்காணித்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தினார். 1929இல் மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கும் மதங்கசூளாமணி 1926இல் வெளிவந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

இனிப் புதிரைக் காண்போம்.

நம் ஊருக்கு யாழ்ப்பாணம் என்று பெயர். யாழ்ப்பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடர் இதுவென்று ஐதிகம் கூறும். ஆயினும் நம்முள் எவரும் அப்பழைய யாழைக் கண்டிலர். நம் பாட்டனாரும் கண்டிலர். வீணை வந்து அதன் இருக்கையைக் கொண்டது. நூல்களிலே பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்ற எண்கள் மாத்திரம் எஞ்சின. எண் உண்டு, ஓசை இல்லை. பெயர் உண்டு, பொருள் இல்லை.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே மாதவியின் அரங்கேற்றத்துக்கு யாழாசிரியன் நரம்பைப் பண்ணுறுத்தும் முறை சில அடிகளிற் கூறப்படுகிறது. அவ்வடிகள் மேலோட்டமாய்ப் படிப்பாருக்கு வெறும் பெயர்வரிசை. உரையாசிரியர்களோ, தாம் கண்ட இசைநூல்களைத் துணைக்கொண்டு, பன்னிரண்டு இராசிகளை வட்டமாக அமைத்து ஏழு வீடுகளிலே ஏழு நரம்புகளை நிறுத்திக் காட்டினர். இராசியின் பெயரைக் கண்டு சோதிடம் என்று மயங்கினாற் பொருள் தப்பிவிடும். மேற்சொன்ன ஆங்கிலப் புதிரின் தந்திரமும் இதுவேயன்றோ!

ஒன்றை எடுத்துக்காட்டுவேன். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என அலகு வகுத்தனர் முன்னோர். கூட்டினால் 22. ஆனால் இவ்வலகுகள் அந்நரம்புக்கு முன்னுள்ள இடைவெளியா, பின்னுள்ள இடைவெளியா? முன்னுள்ளதாகக் கொண்டால், குரலிலிருந்து ஏறும்போது இடைவெளிகள் 4, 3, 2, 4, 3, 2, 4 ஆகும், கிடைப்பது அரிகாம்போதி. பின்னுள்ளதாகக் கொண்டால் 4, 4, 3, 2, 4, 3, 2 ஆகும், கிடைப்பது கலியாணி. இரு முறையிலும் இளி குரலுக்கு 13 அலகு மேலே நிற்றலின், இளியைக் கொண்டு வழக்குத் தீராது. உழையே நடுவர். முந்திய முறையில் அது 9 அலகில் நின்று குரலோடு இயைகிறது; பிந்திய முறையில் 11 அலகில் நின்று இயையாது ஒதுங்குகிறது. செம்பாலை அரிகாம்போதியே என்பது இன்று இசைநூலார் பெரிதும் ஏற்ற முடிவு.

அவ்வொரு கட்டம் உறுதியானதும் ஏனைய கட்டங்கள் தாமே நிரம்புகின்றன. துத்தத்தைக் குரலாக வைத்தால் படுமலைப்பாலை; அது நடபைரவி. உழை குரலாக அரும்பாலை, அது சங்கராபரணம். இளி குரலாகக் கோடிப்பாலை, அது கரகரப்பிரியை. விளரி குரலாக விளரிப்பாலை, அது தோடி. தாரம் குரலாக மேற்செம்பாலை, அது கலியாணி. கைக்கிளை குரலாய செவ்வழிப்பாலை ஒன்றிலே மாத்திரம் நிறைந்த இளி வாய்ப்பதில்லை. இறந்துபட்டன என்று நாம் அழுத பாலைகளுட் பல, வேறு பெயர் பூண்டு நம் கோயில் வீதிகளில் நாதசுரத்திலே ஒலித்துக்கொண்டிருந்தன!

இத்துறையிலே அடிகளார் தனியராய் நின்றாரல்லர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டு, அலகு 24 என வாதித்து வழி திறந்தார். அடிகளார் நரம்பின் நீளத்தை அளந்து, பின்னக் கணக்கினாலே ஒவ்வொரு சுரத்தின் நிலையையும் ஆராய்ந்தார். நரம்பை மூன்று கூறாக்கி இரு கூறு ஒலிக்கச் செய்தால் இளி பிறக்கும் என்னும் பௌதிக உண்மையும், சிலம்பின் அடிகளும், ஓதுவார் வாயிலாக வாழும் தேவாரப் பண்களும் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சான்று பகரவேண்டும் என்பது அவர் முறை. ஒரு சான்றோடு நிற்பவர் ஊகிப்பவர். பல சான்றுகள் ஒரே கட்டத்திற் கூடும்வரை காத்திருப்பவரே ஆராய்ச்சியாளர்.

இப்பணியினிடையே இமயத்து மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து பிரபுத்த பாரத இதழை நடத்தும் பொறுப்பும் அவரைச் சார்ந்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பெற்றார். உடல் நலிந்து வந்தது. நூல் முற்றுமுன் உடல் முற்றுமோ என்ற அச்சம் அன்பருக்கு இருந்திருக்குமன்றோ!

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களால் இயன்ற யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு சூன் 5, 6ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அது அரங்கேறிற்று. அடிகளாரின் ஆராய்ச்சிவழி அமைத்த யாழ்கள் அவையோர் கேட்க இசைக்கப்பட்டன. மாதவி அரங்கேறிய காதையைத் துருவியவரின் நூலும் அரங்கேறிற்று. அதன்பின் ஆறு வாரமே அவர் இவ்வுலகில் இருந்தார். 1947 சூலை 19ஆம் நாள் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அவர் சமாதி மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலயத்திலே உள்ளது.

அடிகளாரின் முடிபுகள் அனைத்தும் ஐயமற நிலைபெற்றன என்று கூறுதல் அவருக்குப் பெருமை ஆகாது. அடியார்க்கு நல்லார் துணைக்கொண்ட பஞ்சமரபு என்னும் இசைநூல் அடிகளார் காலத்திலே கிட்டவில்லை, 1970களிலேதான் அச்சேறிற்று. விடைத்தாளைக் காணாமலே புதிரை விடுவித்தவர் அவர். பின்வந்தோர் சில கட்டங்களைத் திருத்த முயன்றனர், இன்னும் முயல்வர். ஆனால் திருத்துவோர் யாவரும் அவர் வரைந்த கட்டத்தின்மேல் நின்றே திருத்துகின்றனர்.

மாணவமணிகாள்! புதிரை விடுவிக்கும்போது தெரியாத கட்டத்தில் ஏதேனும் ஓர் எழுத்தை இட்டு நிரப்பிவிடும் ஆசை எழும். கட்டம் நிரம்பும், புதிர் விடுபடாது. பொருள் விளங்காத அடியைக் கடந்து சென்று பரீட்சையில் தேறிவிடும் பழக்கமும் அத்தகையதே. அப்பழக்கத்தை வளர்த்த பழியில் ஆசிரியராகிய எமக்கும் பங்கு உண்டு. அடிகளார் அரங்கேற்று காதையின் சில அடிகளிலே நின்றார். பொருள் தெளியும்வரை நகர்ந்தாரில்லை. யாழின் பெயரைத் தாங்கிய இந்நிலத்தார் அந்த நிலைபேற்றை அவரிடம் கற்றுக்கொள்வோமாக.