பெயர் அச்சேறாத படைப்பாளி: ஜெர்ரி சீகல்

தமிழில் சித்திரக்கதை படித்து வளர்ந்தோருக்கு ஸ்பைடரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கூரிய காதுகள், மேலேறிய புருவங்கள், உடலோடு ஒட்டிய கறுப்பு உடை, வலை பாய்ச்சும் துப்பாக்கி, ஹெலிகார் என்னும் பறக்கும் ஊர்தி. குற்ற உலகின் சக்கரவர்த்தியாக விரும்பிப் பின்னர் குற்றவாளிகளையே வேட்டையாடப் புறப்பட்ட அந்த விந்தை மனிதன், சிவகாசியிலிருந்து 1984-இல் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸின் வழியே நம்மிடம் வந்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1972-இல், முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைத் தந்து நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் பெட்டிக்கடைக் கயிற்றில் வார இதழ்களோடு தொங்கிய அச்சிறு புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி அட்டை கிழியும்வரை படித்த தலைமுறை ஒன்று இங்கு உண்டு. அத்தலைமுறையில் பெரும்பாலோர் அறியாத செய்தி, ஸ்பைடர் கதைகளில் மிகப் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல் என்பதாகும்.

இலக்கிய மலரில் சித்திரக்கதைக்காரருக்கு என்ன இடம் என்று கேட்கும் நண்பர்கள் நம் வட்டத்திலும் இருக்கக்கூடும். படைப்பு ஒருவருடையது, உரிமை இன்னொருவருடையது என்னும் வழக்கு இலக்கியத்திற்குப் புதியதன்று. அவ்வழக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனியொருவராகச் சுமந்தவர் சீகல்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் 1914 அக்டோபர் 17-ஆம் நாள் சீகல் பிறந்தார். பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். தந்தை மிட்செல் ஆடைக்கடை வைத்திருந்தார். 1932 ஜூன் 2-ஆம் நாள் கடையில் திருடர் புகுந்த வேளையில் அவர் சரிந்து விழுந்து இறந்தார். சுடப்பட்டார் என்று பிற்காலத்தில் கதை பரவிற்று. மாரடைப்பே காரணம் என்பது பதிவான செய்தி. துப்பாக்கிக் குண்டு துளைக்காத வீரனை மகன் கற்பனை செய்ததற்கு அந்த இரவே வித்து என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். ஒரு மனிதனின் துயரத்தையும் கற்பனையையும் அவ்வளவு எளிதாக முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் முற்றிலும் தள்ளிவிடவும் இயலவில்லை.

கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் ஜோ ஷஸ்டர் என்னும் மாணவர் தோழரானார். சீகல் எழுத, ஷஸ்டர் வரைவார். இருவரும் கூச்ச சுபாவிகள். இருவர் வீட்டிலும் வறுமை. அறிவியல் புனைகதையில் பித்துக்கொண்டு, தாமே சிற்றிதழ் ஒன்றை நகலெடுத்து வெளியிட்டனர். கையெழுத்து ஏடு நடத்தி இலக்கியத்துள் நுழைந்த நம்மவர் பலருக்கும் இது பழக்கமான பாதையே. அவ்விதழில் 1933-இல் வந்த கதையில் அதிமனிதன் கொடியவனாக இருந்தான். பின்னரே சீகல் அவனை நல்லவனாக்கினார். அழியும் கோளிலிருந்து தந்தை விண்கலத்தில் ஏற்றி அனுப்பிய குழந்தை, பூமியில் எளிய வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்கிறது. பேழையில் ஆற்றோடு விடப்பட்ட கர்ணனை அறிந்த நமக்கு இதன் ஈர்ப்பை விளக்க வேண்டா. தொடக்கத்தில் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. அனுமனைப்போல் தாவ மட்டுமே செய்தான்.

பத்திரிகைக்குப் பத்திரிகை மறுத்த இக்கதையை 1938 மார்ச்சில் நியூயார்க் பதிப்பகம் ஒன்று ஏற்றது. பதின்மூன்று பக்கம், பக்கத்திற்குப் பத்து டாலர், ஆக 130 டாலர். அத்தொகைக்கு ஈடாக இருவரும் ஒப்பமிட்ட தாளில் சூப்பர்மேனின் உரிமை முழுவதும் என்றென்றைக்குமாகப் பதிப்பகத்தைச் சென்றடைந்தது. ஜூன் 1938 எனத் தேதியிட்ட ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ் பத்து சென்ட் விலையில் வந்தது. அதில் சூப்பர்மேன் வேற்றுலக அரக்கர் எவரையும் எதிர்க்கவில்லை. தூக்குமேடைக்கு ஒப்பான மின்நாற்காலியிலிருந்து குற்றமற்ற பெண்ணைக் காக்கிறான். மனைவியை அடிப்பவனைப் புடைக்கிறான். ஆட்சியாளரை விலைக்கு வாங்க முயலும் தரகனை மிரட்டுகிறான். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்து நின்ற மக்களின் ஏக்கம் அப்பக்கங்களில் இருந்தது. அக்கால வீரக்கதைகளின் வசீகரத்திற்கு இதுவே வேர் என்பது என் எண்ணம். சில ஆண்டுகளில் சூப்பர்மேன் இதழ் பத்து லட்சம் படிகளைத் தாண்டியது.

சீகலுக்கும் வருவாய் பெருகிற்று. ஆனால் அது கூலியாகவே வந்தது, உரிமையாக வரவில்லை. 1943-இல் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டுச் சென்றிருந்தபோது, முன்னர் தாம் முன்மொழிந்து பதிப்பகம் மறுத்திருந்த சூப்பர்பாய் என்னும் சிறுவன் கதை தம்மைக் கேளாமலே வெளியானதைக் கண்டார். 1947-இல் வழக்குத் தொடுத்தார். சூப்பர்மேன் பதிப்பகத்துக்கே, சூப்பர்பாய் மட்டும் சீகலுக்கு என்பது நடுவர் முடிபு. இறுதியில் 1948-இல் ஏறத்தாழ 94,000 டாலருக்கு இரண்டையும் விட்டுக்கொடுத்துச் சமரசம் ஆயிற்று. தொகையில் பெரும்பகுதி வழக்கறிஞர்க்குப் போயிற்று. அதைவிடக் கொடுமை, படைத்தோர் இருவர் பெயரும் இதழ்களிலிருந்து நீக்கப்பட்டது. நம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் வறுமையிலும் காசநோயிலும் மறைந்ததும் அதே 1948-இல்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை. எனினும், இவ்வாண்டைக் கடக்கும்போது நம் ஊர்க்காரருக்கு அது நினைவில் வந்தே தீரும்.

பின்வந்த பத்தாண்டுகள் வீழ்ச்சியே. ஷஸ்டருடன் தொடங்கிய ஃபன்னிமேன் என்னும் நகைச்சுவை வீரன் சில இதழ்களோடு மடிந்தான். 1959-இல் வேறு வழியின்றி அதே பதிப்பகத்தில் பெயரற்ற கூலி எழுத்தாளராகத் திரும்பவும் சேர்ந்தார். தாம் பெற்ற பிள்ளைக்கே பணியாள் ஆன நிலை. ஆனால் அவருடைய சிறந்த கதைகள் இக்காலத்தவை என்பதே வியப்பு. 1961-இல் வந்த சூப்பர்மேனின் மரணம் என்னும் கற்பனைக் கதையில், தம் வீரனைத் தாமே கொன்று, அழும் மக்கள் வரிசையாக வந்து வணங்கிச் செல்லும் காட்சியை எழுதினார். அதன்கீழும் பெயரில்லை.

உரிமைக்காக மீண்டும் குரலெழுப்பியதும் அறுபதுகளின் நடுவில் அவ்வேலையும் போயிற்று. அப்போதுதான் இங்கிலாந்தின் லயன் வார இதழ் அவருக்குக் கைகொடுத்தது. டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைய, 1965-இல் அங்குத் தொடங்கிய ஸ்பைடரை, முதலிரு கதைகளுக்குப் பின் சீகல் ஏற்றார். வாரம் சில பக்கமே இடம். ஒவ்வொரு வாரமும் வாசகனை அந்தரத்தில் தொங்கவிட்டாக வேண்டும். ஆகவே கதை மூச்சு வாங்காமல் ஓடும். தருக்கம் பார்த்தால் கிழிந்துவிடும். ஆனால், உலகம் தன்னை வணங்க வேண்டும் எனத் தருக்கும் ஸ்பைடரின் செருக்கில் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. பெயர் பறிக்கப்பட்டவர் எழுதிய பாத்திரம் அது என்று தெரிந்தபின் அச்செருக்கை வேறுவிதமாகப் படிக்க நேர்கிறது. எழுதியவர் பெயரை அச்சிடுவது அக்காலப் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களின் வழக்கமன்று. மூலத்தில் இல்லாத பெயர் தமிழில் எங்ஙனம் வரும்? தன் நாட்டில் மறக்கப்பட்ட ஸ்பைடர், சிவகாசி அச்சில் நம் சிறுவர்க்கு நாயகனான ஆண்டுகளில், சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் உயிரோடு இருந்தார்.

அதற்குள் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்திருந்தது. 1974-இல் நீதிமன்றத்தில் மறுபடியும் தோற்று, கலிபோர்னியாவில் எழுத்தராக வேலை பார்த்துவந்தவர், சூப்பர்மேன் திரைப்படமாகிறது என்ற செய்தி கேட்டு 1975-இல் பத்திரிகைகளுக்கு நீண்ட முறையீடு ஒன்றை அனுப்பினார். ஷஸ்டர் அப்போது பார்வை மங்கி, ஏழ்மையில் இருந்தார். ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் முதலிய சித்திரக்காரர்கள் அவர்களுக்காகப் போராடினர். பொதுமக்கள் முகம் சுளித்ததும் நிறுவனம் இறங்கிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், பெயரும் தர உடன்பட்டது. 1978-இல் வந்த படத்தின் திரையில் இருவர் பெயரும் தோன்றின. சட்டம் தராததை வெட்கம் தந்தது.

ஷஸ்டர் 1992-இலும், சீகல் 1996 ஜனவரி 28-ஆம் நாளும் மறைந்தனர். வழக்கு மறையவில்லை. சீகலின் மனைவி ஜோவானும் மகள் லாராவும் தொடர்ந்தனர். ஜோவான், லோயிஸ் லேன் பாத்திரத்திற்கு இளமையில் மாதிரியாக நின்றவர். 2008-இல் உரிமையின் ஒரு பகுதி குடும்பத்துக்கு என்று தீர்ப்பாயிற்று. 2013-இல் மேல்முறையீட்டில் அது கைநழுவியது. பத்து சென்டுக்கு விற்ற அந்த முதல் இதழின் ஒரு படி, 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அந்த 130 டாலரையும் உள்ளடக்கி 412 டாலருக்குப் பதிப்பகம் 1938-இல் எழுதித் தந்த காசோலை, வழக்குகளில் சான்றாக நின்று, 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலத்தில் விற்றது. அதில் இரு இளைஞர் பெயரும் பிழையாக எழுதப்பட்டிருந்தன. பணம் பெறுவதற்காக இருவரும் பின்பக்கத்தில் இருமுறை கையொப்பமிட்டிருக்கின்றனர்: பதிப்பகம் எழுதிய பிழையான பெயரில் ஒருமுறை, தம் சொந்தப் பெயரில் ஒருமுறை.