தேக்கு வளர்த்த பெருந்தகை

நாம் இரயிலில் ஏறியதும் சன்னலோர இடத்தைத் தேடுகிறோம். தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் சிலீப்பர் கட்டைகளை நினைப்பதில்லை. இன்று அவை பெரும்பாலும் சிமெண்டினால் ஆனவை. அக்காலத்திலோ அவை மரங்கள். நம் ஆனைமலைத் தேக்கும் அவற்றுள் அடங்கும்.

1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது. பாதை நீள நீள, காடுகள் குறையலாயின. பம்பாய்க் கப்பல் தளத்திற்கும் ஆனைமலைத் தேக்கு சென்றது. வெட்டிய மரங்களை யானைகள் மலை விளிம்புவரை இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் தள்ளிவிடுவார்கள். அதனாலேயே அவ்விடத்திற்கு டாப்சிலிப் என்ற பெயர் நிலைத்தது. அடுத்திருந்த கொச்சி சமஸ்தானமோ, பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிவரை ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு டிராம் பாதையே அமைத்தது. செங்குத்தான சரிவுகளில், மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும் வேகத்தில் காலி வண்டி மேலே ஏறும்! அந்த டிராம் 1963-இல் நின்றது.

இவ்வாறு வெட்டி வெட்டி ஆனைமலை வெறுமையாகிக் கொண்டிருந்த வேளையில், 1915-இல் வன அதிகாரியாக அங்கு வந்தார் திரு. ஹூகோ உட். அவர் 1870-இல் பிறந்தவர், திருமணம் செய்துகொள்ளாதவர். அவரும் மரம் வெட்டும் அரசின் ஊழியரே. ஆயினும் வெட்டுவது மட்டும் தம் கடமை என்று அவர் எண்ணவில்லை. அடிமரத்தை வேரோடு பறிக்காமல் விட்டால் அது மீண்டும் துளிர்க்கும் என்பதை அறிந்து, அம்முறையைக் கையாண்டார். வெறுமையான இடங்களில் புதிய தேக்கை வளர்த்தார்.

அவரைப் பற்றி அப்பகுதி மக்கள் இன்றும் ஒரு செய்தி கூறுவர். அவர் நடக்கும்போது சட்டைப் பைகள் நிறையத் தேக்கு விதைகள் இருக்குமாம். கைத்தடியால் மண்ணைக் குத்திக் குழி செய்வாராம்; விதையைப் போட்டு மூடிவிட்டு மேலே நடப்பாராம். விதைப்பவர் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கேட்ட நமக்கு இது வியப்பாக இராது. வழியோரத்தில் விழும் விதை வீணாகாதபடி, அவரே அதற்கு மண் தேடிக் கொடுத்தார்.

தேக்கு முற்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகும். திரு. உட் 1933-இல் காலமானார். தாம் நட்ட மரங்களின் முழு வளர்ச்சியை அவர் காணவில்லை. காணமாட்டோம் என்று தெரிந்தே நட்டார். இதுவே அவரது பெருமை என்று நாம் கருதுகிறோம்.

தம் விருப்பப்படியே அவர் டாப்சிலிப் அருகே மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தேக்கு மரங்களுக்கிடையே அடக்கம் செய்யப்பட்டார். தம் நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அக்கல்லறையில் உள்ளது. 1976-இல் அக்காடு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அவர் காலத்தில் மரம் இழுத்த யானைகளின் இனம் இன்று அங்கே காவலுடன் உலவுகிறது.

அன்புத் தோழியரே! இறைவனின் படைப்பைக் காப்பதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு கைத்தடியும் ஒரு பை விதையும் போதும். அடுத்த மழைக்கு முன் நாமும் ஒரு விதையை ஊன்றுவோம். அதன் நிழலில் யாரோ அமரட்டும்.